ஏக்கருக்குப் பதினேழு பேர்: சண்டிகரின் அடர்த்திக் கணக்கும் அதன் அரசியலும்

2023 ஜனவரி 10 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, மேலோட்டமாக நோக்கின், வீட்டுமனை பற்றிய சிறு வழக்காகவே தோன்றும். சண்டிகர் நகரின் முதற்கட்டப் பகுதியில் ஒரு குடும்பம் வாழ்வதற்கென விற்கப்பட்ட மனையில், தளத்துக்கு ஒன்றாக மூன்று தனி வீடுகளை எழுப்பி, உறவற்ற மூவருக்கு விற்கலாமா என்பதே வினா. கூடாது என்று விடையளித்தது நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோரின் அமர்வு. வழக்கைத் தொடுத்தது ஒரு குடியிருப்போர் நலச் சங்கம். எதிர்த்தரப்பில் நின்றது நகரின் நிர்வாகம். ஒரு மனையில் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்னும் எளிய கேள்விக்குப் பின்னால், இந்நகரம் பிறந்தபோதே எழுதப்பட்ட ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணின் வரலாறே சண்டிகரின் வரலாற்றில் பெரும்பகுதி.

1947-இன் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. மேற்கிலிருந்து வந்த ஏதிலிகளுக்கு வீடுகளும் இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிய தலைநகருக்கான இடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அது வெற்று நிலமாக இருக்கவில்லை. கோதுமை வயல்களும் மாந்தோப்புகளும் பல சிற்றூர்களும் அங்கிருந்தன. அவ்வூர்களின் உழவர்கள் நிலமெடுப்பை எதிர்த்தனர். ஆயினும் திட்டத்தின் வரைபடங்களில் நிலம் பெரும்பாலும் வெண்மையாகவே காட்டப்பட்டது. யார் புதிதாகக் குடியேறப்போகிறார்கள் என்ற கணக்கு அங்கிருந்தவர்களைக் கழித்துவிட்டே தொடங்கியது.

முதல் திட்டத்தை வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிட்ஸ்கி 1950 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். அதன் பின்னர், 1951-இன் தொடக்கத்தில், லெ கொர்புசியே, பியர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய நால்வரும் பொறுப்பேற்றனர். மேயரின் வளைந்த தெருக்களை நேர்க்கோடுகளாக்கி, நகரைச் செக்டர்களாகப் பகுத்தார் கொர்புசியே. ஒவ்வொரு செக்டரும் 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் கொண்ட, தன்னளவில் நிறைவான குடியிருப்பு. ஆனால் ஒன்றை அவர் பெரிதும் மாற்றவில்லை. மேயரின் காலத்திலேயே நிலைபெற்றுவிட்ட மக்கள்தொகை இலக்கு அது: 5 லட்சம்.

இந்த 5 லட்சமும் நகரெங்கும் சமமாகப் பரப்பப்படவில்லை. செக்டர் 1 முதல் 30 வரையிலான முதற்கட்டம் ஏறத்தாழ 9,000 ஏக்கர். அதற்கு ஒதுக்கப்பட்டோர் 1,50,000 பேர். செக்டர் 31 முதல் 47 வரையிலான இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 6,000 ஏக்கர். அதற்கு ஒதுக்கப்பட்டோர் 3,50,000 பேர். வகுத்துப் பார்த்தால், வடக்கே ஏக்கருக்குப் பதினேழு பேர், தெற்கே ஏக்கருக்கு ஐம்பத்தெட்டுப் பேர். ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேறுபாடு. தலைமைச் செயலக வளாகம், பல்கலைக்கழகம், செக்டர் 17-இன் நகர மையம் ஆகியவை முதற்கட்டப் பகுதியில் அடங்கியுள்ளன என்பதால் இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி இயல்பானதே. அதைக் கழித்த பின்னும் எஞ்சுவது தற்செயலன்று. வடக்கே செல்லச் செல்ல மனைகள் பெரிதாகும். கனால் கணக்கில் அளக்கப்படும் பங்களா மனைகள் மலையை நோக்கியுள்ள செக்டர்களில் வரும். தெற்கே செல்லச் செல்ல அளவு மர்லாவுக்கு இறங்கும். இருபது மர்லா ஒரு கனால். நகரின் சமூகப் படிநிலையை அறிய, மனைகளின் அளவையே வடக்கிலிருந்து தெற்காகப் படித்துவந்தால் போதும்.

அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் இதே ஒழுங்கு தொடர்ந்தது. அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை, ஊதியத்துக்கேற்பப் பதின்மூன்று வகை வீடுகள் வகுக்கப்பட்டன. ஃப்ரை, ட்ரூ, ஜான்னரே மூவரும் இவற்றை மிகுந்த அக்கறையோடு வடிவமைத்தனர். மிகக் குறைந்த ஊதியம் பெறுவோருக்கும் குழாய்நீர், கழிவறை, திறந்த முற்றம் ஆகியவை அமைந்த வீடு தரப்பட்டது என்பது அந்நாளில் சிறிய சாதனையன்று; அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அந்தப் பதின்மூன்று வகைக்குள் வர, ஒருவர் அரசு ஊழியராக இருந்தாக வேண்டும்.

குறைந்த அடர்த்தி நல்வாழ்வின் அடையாளம் என்ற கருத்து பஞ்சாபில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் நெரிசலும் நோயும் ஒன்றாகக் கண்டவர்கள் உருவாக்கிய கருத்து அது. 1912-இல் ரேமண்ட் அன்வின், ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகள் என்னும் அளவைத் தம் சிறுநூலொன்றில் வாதிட்டு நிறுவ முயன்றார். தோட்ட நகர இயக்கத்தின் அந்த மரபே மேயரின் வழியாகச் சண்டிகருக்கு வந்தது. இதில் ஒரு முரணும் உண்டு. கொர்புசியே தம் இளமையில் கனவு கண்ட நகரம் உயர்ந்த கோபுரங்களின் நகரம். 1922-இலும் 1925-இலும் அவர் வெளியிட்ட திட்டங்கள் பெருந்தொகையினரை வானோக்கி அடுக்கின. அவருடைய கருத்துகள் முழு நகரமாக உருப்பெற்ற ஒரே இடமோ, இரண்டு மூன்று தளங்களுக்கு மேற்படாத செங்கல் வீடுகளின் நகரமாயிற்று. செங்கல் மலிவு, மின்தூக்கி அரிது, கோடையில் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் உறங்கும் வழக்கம் ஆகியவை இதற்குக் காரணங்களாயின. ஆகவே, பிற்காலத்தில் 'கொர்புசியேவின் கொள்கை' என்று போற்றப்பட்ட தாழ்ந்த அடர்த்தி, உண்மையில் பலருடைய எண்ணங்களும் அக்காலப் பொருளாதாரமும் சேர்ந்து எட்டிய உடன்பாடு என்பதே பொருத்தம்.

எண் ஒன்றை வரைபடத்தில் எழுதினால் போதாது. அதைக் காக்கச் சட்டம் வேண்டும். 1952-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, தலைநகரின் வளர்ச்சியையும் ஒழுங்கையும் பற்றியது. மற்றொன்று, நகரைச் சுற்றிய நிலவளையத்தில் அனுமதியற்ற கட்டடங்களைத் தடுக்கும் புறவெளிக் கட்டுப்பாட்டுச் சட்டம். தொடக்கத்தில் 5 மைலாக இருந்த அவ்வளையம் 1962-இல் 10 மைலாக விரிவாக்கப்பட்டது. 1960-இன் மனை விற்பனை விதிகள் மனையையும் கட்டடத்தையும் துண்டாடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தன. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம் என்பதே அவற்றின் உட்கருத்து. அக்கருத்து நிலைத்தால்தான் 1,50,000 என்ற எண்ணும் நிலைக்கும்.

மக்கள்தொகையோ சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. இன்றைய ஒன்றிய ஆட்சிப்பகுதியின் எல்லைக்குள் 1951-இல் 24,261 பேர் இருந்தனர். 1961-இல் 1,19,881, 1971-இல் 2,57,251, 1981-இல் 4,51,610. 1991-இல் அது 6,42,015 ஆனபோது, 5 லட்சம் என்ற இலக்கு கடந்துபோயிருந்தது. 2011-இல் 10,55,450. திட்டமிட்டதைப் போல் இருமடங்கு. ஆனால் வடக்குச் செக்டர்களின் அமைதி பெரிதும் குலையவில்லை. அப்படியானால், கூடுதலாக வந்தவர்கள் எங்கே சென்றார்கள்?

முதல் விடை, நகரைக் கட்டியவர்களிடமே கிடைக்கிறது. செங்கல் சுமந்தவர்களுக்கும் காரை குழைத்தவர்களுக்கும் திட்டத்தில் இடமில்லை. கட்டடம் முடிந்ததும் அவர்கள் அகன்றுவிடுவார்கள் என்பது எழுதப்படாத ஊகம். அவர்கள் அகலவில்லை. கட்டடக்கலைஞரும் ஆய்வாளருமான மது சரீன், 1982-இல் வெளியான தம் நூலில், சண்டிகரின் தொழிலாளர் குடியிருப்புகள் எவ்வாறு தற்காலிகமானவை என்று வகைப்படுத்தப்பட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்க்கப்பட்டன என்பதை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அந்த வரலாறு அந்நூலோடு முடியவில்லை. காலனி எண் 5 என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு 2013-இல் இடிக்கப்பட்டது. காலனி எண் 4 இடிக்கப்பட்ட நாள் 2022 மே 1. பெயருக்குப் பதிலாக எண்ணையே பெற்றிருந்த இக்குடியிருப்புகளின் மக்கள், எந்தச் செக்டரின் அடர்த்திக் கணக்கிலும் முறையாக இடம்பெற்றதில்லை. தகுதியுடையோருக்கு 2006-இன் சிறு அடுக்ககத் திட்டத்தின்கீழ் வீடுகள் தரப்பட்டன. அவற்றுள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை நகரின் ஓரத்தில், தனாஸில், நெருக்கமான தொகுதிகளாக அமைந்தன.

இரண்டாம் விடை, விழுங்கப்பட்ட ஊர்களில் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தின்போது சில ஊர்களின் வயல்கள் எடுக்கப்பட்டன; ஊர்நத்தம் மட்டும் விடப்பட்டது. செக்டர் 45-இல் புரைல், செக்டர் 42-இல் அட்டாவா ஆகியவை அவ்வாறு நகருக்குள் தீவுகளாயின. 'லால் டோரா' எனப்படும் அந்தச் சிவப்புக்கோட்டுக்குள் நகரின் கட்டட விதிகள் நெடுங்காலம் செயலற்றிருந்தன. வயலை இழந்த குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே முதலீடு வீட்டு வாடகைதான். குறுகிய மனைகளில் தளத்தின்மேல் தளம் எழுந்தது. மாணவரும் கடைப்பணியாளரும் ஓட்டுநரும் அங்கே குடியேறினர். நகரின் வடக்கே ஏக்கருக்குப் பதினேழு பேர் என்ற ஒழுங்கு நிலைக்க முடிந்ததற்கு, புரைலின் இருண்ட சந்துகள் செலுத்திய விலையும் ஒரு காரணம். இந்தத் தொடர்பு எந்தத் திட்ட ஆவணத்திலும் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை.

மூன்றாம் விடை, எல்லைக்கு அப்பால். 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாப் பிரிக்கப்பட்டு, சண்டிகர் ஒன்றிய ஆட்சிப்பகுதியாகவும் இரு மாநிலங்களின் தலைநகராகவும் ஆனது. புறவெளி வளையம் மூன்று அரசுகளிடையே கூறுபட்டது. பஞ்சாபின் பக்கம் மொகாலியும் ஹரியானாவின் பக்கம் பஞ்ச்குலாவும் எழுந்தன. காலியாக இருக்க வேண்டிய வளையமே மிகுந்த மக்களைத் தாங்கும் நிலமாயிற்று. இதன் உச்சமாக வந்தது சுக்னா ஏரிக்கு அருகே, பஞ்சாபின் கன்சல் ஊரில், முன்மொழியப்பட்ட 'கேம்லட்' அடுக்குமாடித் திட்டம். தாழ்ந்த வீடுகளின் நகருக்கு வடக்கே, மலைக்காட்சியின் முன்னால், உயர்ந்த கோபுரங்கள். அந்நிலம் பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினர்கள் பலரை உறுப்பினராகக் கொண்ட வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதன் அனுமதிகளை நீக்கியது; 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டுயிர்ச் சரணாலயத்திலிருந்து 123 மீட்டர் தொலைவிலேயே திட்டம் அமையவிருந்தது என்பது முடிவுக்கு முக்கியக் காரணமாயிற்று. அடர்த்தி என்பது ஆட்சி எல்லையோடு நின்றுவிடும் பொருளன்று. ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் பிதுங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2001-இன் அடுக்கக விதிகளைப் படிக்க வேண்டும். ஒரு மனையிலுள்ள வீட்டைத் தளவாரியாகப் பிரித்து, தனித்தனி உரிமையாக்க அவை இடமளித்தன. நிர்வாகத்தின் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. 1950-களில் மனை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், ஒரே வீட்டுக்கு நான்கைந்து வாரிசுகள் இருந்தனர். வீட்டின் விலை ஒருவரால் மற்றவரின் பங்கை வாங்க இயலாத அளவுக்கு உயர்ந்திருந்தது. பிரிக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்ற நிலையில் உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியேறினர். ஆயினும் குடியிருப்போர் சங்கங்கள் விதிகளைக் கடுமையாக எதிர்த்தன. ஒரு குடும்பத்துக்கெனப் போடப்பட்ட கழிவுநீர்க் குழாயும் தெருவும் மூன்று குடும்பங்களைத் தாங்குமா என்பது அவர்கள் கேள்வி. 2007-இல் அவ்விதிகள் திரும்பப் பெறப்பட்டன; அதே ஆண்டின் புதிய விதிகள் துண்டாடல் தடையை மீண்டும் உறுதிசெய்தன.

சட்டம் மூடிய கதவை வணிகம் வேறுவழியில் திறந்தது. கட்டுநர் ஒருவர் பழைய வீட்டை வாங்கி இடித்து மூன்று தளங்களை எழுப்புவார். உறவற்ற மூவர் அம்மனையின் பிரிக்கப்படாத பங்குகளை வாங்குவர். எந்தத் தளம் எவருக்கு என்பதை அவர்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் தீர்மானிக்கும். ஆவணத்தில் ஒரே மனை, ஒரே கட்டடம். நடைமுறையில் மூன்று வீடுகள். பங்கு விற்பனையைத் தடுக்க விதிகளில் இடமில்லை என்று 2021-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கருதியது. அதற்கு எதிரான மேல்முறையீட்டில்தான் 2023-இன் தீர்ப்பு வந்தது. நேரடியாகச் செய்யக்கூடாததை மறைமுகமாகவும் செய்யக்கூடாது என்பது அதன் அடிப்படை. முதற்கட்டப் பகுதியின் மரபுத் தன்மையைக் காக்க வேண்டும்; அடர்த்தி கூட்டுவது குறித்து நகரின் மரபுரிமைப் பாதுகாப்புக் குழு ஆராய வேண்டும்; ஒன்றிய அரசின் ஒப்புதலின்றி விதிகளை மாற்றக்கூடாது; முதற்கட்டத்தில் தளங்கள் மூன்றுக்கு மேற்படக்கூடாது எனப் பணித்தது நீதிமன்றம். பெங்களூரு நகரம் திட்டமற்ற வளர்ச்சியால் அடைந்த சீர்கேட்டைச் சுட்டிக்காட்டி, நகர வளர்ச்சிக்கு முன் சூழல் தாக்கத்தை மதிப்பிட வேண்டிய தேவையையும் அது வலியுறுத்தியது.

தீர்ப்பின் வலிமையை மறுப்பதற்கில்லை. பொதுமக்களின் கருத்தைக் கேட்டுத் திரும்பப் பெற்ற ஒரு கொள்கையை, ஒப்பந்தத் தாள்களின் மூலம் பின்வாசல் வழியே கொண்டுவர நிர்வாகமே கண்மூடி இருந்தது என்றால், அது திட்டமிடலின் மீதுள்ள நம்பிக்கையைச் சிதைக்கும். ஆனால் வரலாற்று மாணவர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அடர்த்தி என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது: நிலத்தின்மேல் எழும் கட்டடத்தின் பருமன், அதிலுள்ள வீடுகளின் எண்ணிக்கை, அங்கு வாழும் மனிதர்களின் எண்ணிக்கை. மூன்று தளங்களுள்ள ஒரு மாளிகையில் மூத்தவரும் இரு மகன்களும் தத்தம் குடும்பங்களோடு வாழ்ந்தால் விதி மீறப்படவில்லை. அதே மாளிகையில், அதே பருமனில், உறவற்ற மூன்று குடும்பங்கள் உரிமையோடு வாழ்ந்தால் விதி மீறப்படுகிறது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே இங்கே காக்கப்படுவது கட்டடக்கலையின் தோற்றம் மட்டுமன்று. 'குடும்பம்' என்பதற்கு 1960-இன் விதி கொண்டிருந்த வரையறையும் அதனோடு சேர்ந்து காக்கப்படுகிறது.

இதற்கு மறுதரப்பு விடை இல்லாமலில்லை. கட்டுநர் எழுப்பும் மூன்று அடுக்ககங்கள் பழைய வீட்டின் தோட்டத்தையும் பின்முற்றத்தையும் விழுங்குகின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் இரு மகிழுந்துகள் தெருவுக்கு வருகின்றன. கூட்டுக்குடும்பத்தின் நெரிசலும் சந்தை உருவாக்கும் நெரிசலும் அளவில் ஒன்றாயினும் விளைவில் ஒன்றல்ல. இந்த வாதம் ஏற்கத்தக்கதே. மேலும், வடக்குச் செக்டரில் ஒரு தளத்தை வாங்க வல்லவர் புரைலின் வாடகைக்காரர் அல்லர். மூன்று அடுக்ககங்களை அனுமதித்திருந்தால் ஏழைக்கு வீடு கிடைத்திருக்கும் என்று சொல்வதும் மிகை.

ஆயின் மெய்யான கேள்வி தனியார் மனைகளில் இல்லை. முதற்கட்டப் பகுதியில் ஒரு தளம், இரு தளங்களோடு பரந்து கிடக்கும் அரசுக் குடியிருப்புகள் உள்ளன. பொது நிலம், பொதுப் பணம், நடந்து செல்லும் தொலைவில் பள்ளியும் மருத்துவமனையும். அவற்றுள் சிலவற்றை மறுகட்டமைத்துக் கூடுதல் மக்களுக்கு இடமளிக்கலாமா என்பதை நகரின் முழுமைத் திட்டமே எழுப்பியிருக்கிறது. அங்கேயும் சிக்கல் உண்டு: ஜான்னரேயும் ட்ரூவும் எளியோருக்கென வடிவமைத்த வீடுகளே அவற்றுள் அடங்கும். உலக மரபுச் சின்னமாக 2016-இல் அறிவிக்கப்பட்டது தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் அடங்கிய வளாகம் மட்டுமே; கடைநிலை ஊழியரின் செங்கல் வீடு அப்பட்டியலில் இல்லை. மரபுரிமை என்ற பெயரால் பங்களாக்கள் காக்கப்பட்டு, அடர்த்தி என்ற பெயரால் எளியோரின் வீடுகள் மட்டும் இடிக்கப்படுமானால், வடக்கு-தெற்கு என்ற பழைய கணக்கே புதிய மொழியில் மீண்டும் எழுதப்பட்டதாகும்.

திட்ட வரலாற்றைப் பயில்வோர் சண்டிகரிலிருந்து பெறத்தக்கது, அடர்த்தி கூடினால் நன்று அல்லது குறைந்தால் நன்று என்ற பொது விதியை அன்று. எந்த நகரிலும் ஒரு புதிய குடியிருப்புத் திட்டம் முன்வைக்கப்பட்டு அக்கம்பக்கத்தார் அடர்த்தி குறித்துக் கவலை தெரிவிக்கும்போது, அக்கவலையைத் தன்னலம் என்று தள்ளிவிடவும் கூடாது. அறிவியல் என்று அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. குழாயின் கொள்ளளவு என்ன, தெருவின் அகலம் என்ன, இங்கே இடம் மறுக்கப்படுவோர் எந்தத் தெருவுக்குச் செல்வர், அந்தத் தெருவின் குழாயும் அகலமும் என்ன என்று கணக்கை முழுமையாகப் போட வேண்டும். சண்டிகரின் திட்டக்காரர்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மிகத் துல்லியமாக விடையளித்தார்கள். அடுத்த இரண்டையும் அவர்கள் கேட்கவில்லை. 2023-இன் தீர்ப்பு மரபுரிமைக் குழுவிடம் ஒப்படைத்த பணியில் அவற்றைக் கேட்பதற்கான வாய்ப்பு மீண்டும் ஒருமுறை வந்தது.